இரண்டாம் பதிப்பு

எழுத்தாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புத்தகக் கடைக்குள் நுழைந்தார். சொந்தச் செலவில் அச்சடித்து, இரண்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் அடைந்து கிடந்த அவருடைய நாவல் கட்டுகள், மனைவி விற்பனைப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒரே மாதத்தில் காலியாகியிருந்தன.

“நாவல் சக்கைப்போடு போடுதுங்க! ரெண்டாம் பதிப்பு ஆயிரம் பிரதி அடிச்சு, வண்டியிலயும் ஏத்தியாச்சு” என்றார்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நீங்க எங்கிட்ட பத்து பிரதிதானே குடுத்தீங்க?”

“ஆமா. எத்தனை மிச்சம்?”

“நூத்தி நாப்பது.”

எழுத்தாளர் திருதிருவென்று விழித்தார்.

“சமையல் புத்தகத்துக்கு நடுவுல, அகராதிக்குப் பின்னால, எங்க கைய வச்சாலும் உங்க நாவல்தான் வருது. புத்தகத்தைத் திருடிட்டுப் போறவங்களைப் பாத்திருக்கேன் சார். திருட்டுத்தனமா வச்சுட்டுப் போறவங்களை இப்பதான் பாக்கறேன். கேமராவுல மாட்டியிருக்காங்க, பாருங்க.”

திரையில் ஒரு பெண்மணி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பெரிய துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் செருகிக்கொண்டிருந்தார். அந்தப் பையை எழுத்தாளருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்மணியை அதைவிட நன்றாகத் தெரியும்.

அப்போது அவருடைய கைபேசி அலறியது. மனைவி.

“ஏங்க, ரெண்டு வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் கட்டிலுக்கடியில நிம்மதியா பெருக்கித் துடைச்சேன். வாசல்ல ஒரு வேன் வந்து கட்டுக்கட்டா எதையோ இறக்குதே, என்னங்க அது?”