சுடாத கால்

சூடேறிய தட்டில் விட்ட எலிகள் எல்லாம் பாதத்தை நக்கிக்கொண்டு துள்ளின. கடைசி எலி மட்டும் அசையாமல் நின்றது. ஃபஸீலா அதைச் சட்டென்று தூக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, லீவு கிடைக்காமல் ராஜபாளையத்து லேபில் அவளோடு வேலையில் நின்ற முனீஸ்வரியின் செல்போன் அடித்தது. வீடியோ காலில் கொழுந்தன் கௌதம்ராஜ்.

"மதினி, அண்ணன் பூக்குழி எறங்குதான், பாருங்க!"

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அம்மன் கோயில். முன்னால் போனவர்கள் தணலில் தாவி ஓடிக் கரையேறினார்கள். அவள் புருஷன் சிவபாண்டியோ கடைத்தெருவில் நடப்பதுபோல் நடந்தான். நடுக்குழியில் நின்று கைகூப்பினான். குலவைச் சத்தம் காதை அடைத்தது.

"கௌதமு, அவியள வெளிய இழுங்க!"

"என்ன பேச்சு மதினி? அம்மனே எறங்கி நிக்கா. தொட்டா குத்தமாயிரும்."

ஃபஸீலா எட்டிப் பார்த்தாள். "அண்ணன் மொகத்துல ஒரு சுளிப்புகூட இல்லையேக்கா! எம்புட்டு பக்தி!"

"பக்தி இல்லட்டி. போன வாரம் செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்தாவ. பத்து வருசத்துச் சுகரு. விரதம்னு மாத்திரையையும் நிறுத்திட்டாவ."

ஃபஸீலா தன் கையிலிருந்த எலியைப் பார்த்தாள். லேபிலேயே ஊசி போட்டுச் சுகர் வரவைத்த எலி அது.

"இதத் தூக்கிவிட நீ இருந்தே" என்றாள் முனீஸ்வரி.

திரையில் சிவபாண்டி இன்னும் நெருப்பில்தான் நின்றான். சுற்றிலும் ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது.