உள்ளே விட்ட துணி

"இதுக்குப் பேர் தையலா? ஏமாத்து வேலை!"

தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திப் பழகிய கை. மகளின் பள்ளி யூனிஃபார்மை அம்மா டெய்லர் கடை மேஜையில் அறைந்த சத்தத்தில் தையல் மெஷினே நின்றுவிட்டது.

டெய்லரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்னக்கா ஆச்சு?"

"மூணு மாசத்துல மூணு தடவை பிடிச்சுத் தைக்கக் கொடுத்தேன். உள்ளே பாருங்க! மிச்சத் துணியை வெட்டாம அப்படியே மடிச்சு மடிச்சுத் தைச்சு வெச்சிருக்கீங்க. பொண்ணுக்கு இடுப்பெல்லாம் உறுத்துதாம். வெட்டி எறியுங்கன்னு அவளே சொன்னாளாமே?"

"சொன்னா."

"அப்புறம் என்ன சோம்பேறித்தனம்?"

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "பொண்ணு வீட்டுல ஒழுங்கா சாப்பிடுதாக்கா?"

"டயட்ல இருக்கா. தெருவே பாராட்டுது. உங்களுக்கு என்ன?"

"அளவு எடுக்கும்போது தலை சுத்தி மேஜையைப் பிடிச்சுக்கிட்டா. அப்பவும் 'டேப்பை இன்னும் இறுக்கிப் பிடிங்க ஆன்ட்டி'ங்கறா. இந்த வெயில்ல குளிருதுன்னு ஸ்வெட்டர் வேற. எனக்கு மனசு கேக்கல. ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"துணி தைக்கிறவங்க துணியை மட்டும் தைச்சாப் போதும். வைத்தியம் பார்க்க வேண்டாம்!"

"எனக்கு வைத்தியம் தெரியாதுக்கா. அதனாலதான் தெரிஞ்சவங்ககிட்ட போகச் சொல்றேன்."

அம்மா யூனிஃபார்மை வாரிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்தாள். இனி ஒரு பட்டன் தைக்கக்கூட இந்தக் கடைப்பக்கம் வருவதில்லை என்று சபதம். ஆனால் அந்தக் கோபம் தெருமுனையைத் தாண்டவில்லை.

'ஸ்கூல்லயே சாப்பிட்டேன்மா.' தினமும் மகளின் இதே பதில். அபூர்வமாகச் சாப்பிட்ட நாளிலும் உடனே பாத்ரூம், முழுசாகத் திறந்துவிட்ட குழாய். எல்லாம் அம்மாவுக்கும் தெரிந்ததுதான். 'குண்டு, வாயைக் கொஞ்சம் கட்டுடி' என்று முதலில் கேலி செய்ததே அவள் வாய்தானே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது மகள் மட்டுமில்லை.

அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

"சாப்பாடுன்னா உனக்குப் பயமா இருக்காடா?"

மகள் உடைந்து அழுதாள். "ஆமாம்மா. நானே நிறுத்தணும்னு பாக்கறேன். முடியலம்மா."

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி.

"இது பிடிவாதம் இல்லைம்மா, நோய். சரி பண்ணலாம். நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க" என்றார் டாக்டர். மனநல ஆலோசகரிடமும் உணவு நிபுணரிடமும் அனுப்பினார். "வீட்டுல எடைப் பேச்சு வேண்டாம். கேலியும் வேண்டாம்." இதை அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

மந்திரம் போட்ட மாதிரி எதுவும் மாறிவிடவில்லை. தட்டுக்கு முன்னால் அழுகை, சண்டை, ஒரு வாரம் முன்னேற்றம், மறு வாரம் சறுக்கல். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் இருவரும் விடவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் மகளே வந்து சொன்னாள். "யூனிஃபார்ம் டைட்டா இருக்கும்மா."

குரலில் பயம் இருந்தது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சபதமாவது ஒன்றாவது! அரைமணி நேரத்தில் இருவரும் டெய்லர் கடையில் நின்றார்கள்.

"புதுசாத்தான் தைக்கணுமா?" டெய்லரம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே கேட்டாள் அம்மா.

டெய்லரம்மா டேப்பைப் பிடித்தாள். அளவை வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு யூனிஃபார்மை உள்பக்கம் திருப்பி நூலைப் பிரித்தாள். மடிப்பு மடிப்பாக அடங்கிக் கிடந்த துணி, ஒரு நூல்கூடக் குறையாமல் விரிந்தது.

"நான் வெட்டி எறியச் சொன்னேனே ஆன்ட்டி" என்றாள் மகள் மெதுவாக.

"நான் சண்டையே போட்டேனே" என்றாள் அம்மா.

டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள்.

"வெட்டினா ஒட்ட முடியுமா கண்ணு? நீ திரும்பி வருவேன்னு இடம் விட்டு வெச்சிருந்தேன்."