ஒரு மணிக்குள் திருப்பித் தரவும்

விண்ணப்பம் இலவசம் என்று அலுவலகச் சுவரில் எழுதியிருந்தது. அதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் இலவசம் இல்லை. அவர் முத்திரை குத்த வேண்டுமென்றால் மைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த மை விற்ற விலைக்கு ஒரு வீட்டுக்கே வெள்ளையடித்துவிடலாம்.

சொந்தமாக ஒரு லாரி ஓட்டிப் பிழைக்க எத்தனை பேருக்குப் படியளக்க வேண்டும் என்பதைத் தையல்காரி மூன்றே மாதத்தில் படித்துத் தேறிவிட்டாள். அவள் கணவன் பதினெட்டு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவன். பழைய லாரி ஒன்று சல்லிசாக வந்தது, வாங்கினார்கள். யானையை வாங்குவது சுலபம், அங்குசத்துக்குத்தான் சொத்தை விற்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. போன மாதம் அவளுடைய தையல் மெஷின் பர்மிட்டுக்குப் பலியானது.

மிச்சம் இருந்தது வண்டிச் சோதனை ஒன்றுதான். நாளைக் காலையில் முதல் லோடு. அதற்குள் தகுதிச் சான்று கையில் இல்லையென்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். மெஷினும் போய், லோடும் போய், லாரியில் துணி காயப் போட வேண்டியதுதான்.

"ஸ்டெப்னி எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, தீயணைக்கிற சிலிண்டர் எங்கேன்னு கேப்பாங்க தங்கச்சி," என்றார் அலுவலகத்துக்கு எதிரே இருந்த வாடகைக் கடைக்காரர். "எல்லாத்தையும் புதுசா வாங்கினா, உங்க வீட்டுக்காரர் லாரியை வித்துட்டு சிலிண்டரைத்தான் ஓட்டணும். நம்மகிட்ட அரை நாள் வாடகை. ஒரு மணிக்குள்ள திருப்பித் தந்துடணும்."

"மாட்டிக்கிட்டா என்னண்ணே பண்றது?"

"பத்து வருஷமா இதே சிலிண்டர்தான் போய்ட்டு வருது. ஒரு தடவைகூட ஃபெயிலானதில்ல. உள்ளே வரிசையில நின்னா மூணு மாசம் ஆகும். இன்னைக்கு ஆபீஸுக்குப் பின்னாடி மைதானத்துல சிறப்பு முகாம். பேரை எழுதிக்கிறேன். எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டு."

மைதானத்தில் ஆபீசர் வந்து நின்றார். அவள் பார்வை பழக்க தோஷத்தில் அவர் சட்டையை அளந்தது. காக்கிச் சட்டை தோளில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. முதுகில் நாலு ஊசி குத்தி இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

ஆபீசர் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். அதன் வயிற்றில் இருந்த நசுங்கலைத் தடவினார்.

"எப்ப வாங்கினது?"

"போன வாரம் சார்," என்றான் கணவன்.

"ஒரு வாரத்துலயா இப்படி நசுங்கிச்சு?"

"வர்ற வழியில ஒரு பள்ளம் சார்."

அவள் அவன் காலை மிதித்தாள். ஆபீசர் ஏனோ லேசாகச் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று படிவத்தை நிரப்பினார். கணவன் மடித்து வைத்திருந்த கவரை நீட்ட, அவர் தேளைக் கண்டதுபோல் பின்வாங்கினார்.

"அய்யய்யோ, இதெல்லாம் கையால தொட மாட்டேன்! முதல்ல உள்ளே வைங்க."

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். மைக்குக்கூடக் காசு கேட்கவில்லை.

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் அவள் பார்த்த, நீளாத முதல் கை அது. அந்தத் தொளதொள சட்டையின் அர்த்தம் இப்போதுதான் விளங்கிற்று. வாங்குகிறவன் பெருப்பான், வாங்காதவன் இளைப்பான். போயும் போயும் இந்த மனிதரையா இரவல் சிலிண்டரைக் காட்டி ஏமாற்றினோம்?

சிலிண்டரையும் ஸ்டெப்னியையும் கடையில் ஒப்படைக்கும்போது அவளால் வாயைக் கட்ட முடியவில்லை. "தங்கமான மனுஷன் அண்ணே. பத்துக் காசு வாங்கல."

"ரொம்ப சந்தோஷம் தங்கச்சி," என்றார் கடைக்காரர், தன்னையே புகழ்ந்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

லாரியில் ஏறியதும் சொன்னாள்: "ஏங்க, முதல் லோடு காசுல சொந்தமா ஒரு சிலிண்டர் வாங்கிடணும். மனசு உறுத்துது."

"வாங்கிடலாம். அப்படியே அவருக்கு அளவா ஒரு சட்டையும் தச்சுக் குடு."

"எதை வச்சுத் தைக்கறது? உங்க ஸ்டீயரிங்கை வச்சா?"

சிரித்துக்கொண்டே காலை நீட்டியவளின் பாதத்தில் ஏதோ இடித்தது. முதலுதவிப் பெட்டி! திருப்பித் தர மறந்திருந்தார்கள். ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கடைக்காரர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லா மேஜைமேல் கிடந்த காக்கிச் சட்டை ஒன்றின் காலரை முகர்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தொப்பி, முத்திரை, நாலு ஊசி. எதிரே பனியனோடு நின்றார் ஆபீசர்.

"வேர்த்தா துவைக்கிற காசு தனின்னு சொன்னேனா இல்லையா? சரி, கஸ்டமர் யார்கிட்டயும் கை நீட்டலைல்ல? நேர்மைதாண்டா நம்ம கடையோட மூலதனம்."

பெட்டியை மார்போடு அணைத்தபடி அவள் வாசலிலேயே நின்றாள். போலீஸுக்குப் போகலாம். போனால், அந்த சிலிண்டர் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

காசு வேண்டாம் என்று அந்த மனிதர் சொன்னபோதே தெரிந்திருக்க வேண்டும், அவர் ஆபீசரே இல்லை என்று.