மூன்றாம் நாள் கையெழுத்து

முதல் பார்வைக்கு அது அவனுடைய கையெழுத்துதான்.

வக்கீலம்மா தாளை மேசைமேல் அவன் பக்கமாக நகர்த்தினார். கம்பெனி அனுப்பிய நகல்.

விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது. கம்பெனியின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கீழே அவன் பெயர். அதற்கும் கீழே தேதி.

"அடிபட்ட மூணாம் நாளு. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஆஸ்பத்திரியில். நடுக்கடல் எண்ணெய் மேடையில் குழாய்க்கும் சங்கிலிக்கும் நடுவே நசுங்கிய வலது கையை, அதற்கு முந்தின நாளே மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

வக்கீலம்மா சிரித்தார்.

"இல்லாத கையால போட்ட கையெழுத்து! பொய்னு புகார் குடுத்திருவோம். போட்டவன் உள்ள போவான். குடுக்கலேன்னா, இந்த ஒத்தத் தாளே நம்ம நஷ்டஈட்டுக் கேச மூடிரும்."

அவன் மனைவி டெல்பின் நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். நான்கு மாதத்தில் இன்றுதான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

"குடுங்கம்மா. போட்டவன் கையில புழு வைக்கட்டும்."

"அப்படிச் சொல்லாத."

"ஏன் சொல்லப்பிடாது? சோறு ஊட்டுறது நானாக்கும்."

அவன் மறுபடி தாளைப் பார்த்தான்.

பெயருக்கு அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி.

அவன் புள்ளி வைப்பதில்லை.

மேடையில் தினமும் விடியுமுன் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். ஆபத்துகளைக் கேட்டுப் புரிந்துகொண்டேன் என்று ஆளாளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். யார் கேட்டார்கள்? முறை வைத்து அவர்கள் குழுவில் ஒருவன் போய் ஐந்து பேருக்கும் போட்டுவிட்டு வருவான். மற்ற நால்வரும் தேநீரை முடிப்பார்கள்.

கிளீட்டஸுக்குத் தன் கையெழுத்தை அவன்தான் பழக்கிக் கொடுத்தான். ரொட்டி சுற்றிய காகிதத்தில், ஒரே மாலையில்.

"கடைசி எழுத்த இழுத்து விடுல."

இழுத்துவிட்டு, தன் வழக்கப்படி இரண்டு புள்ளியும் வைத்தான் கிளீட்டஸ். "இனி ஒங்க சொத்தக்கூட எழுதி வாங்கிரலாம் அத்தான்."

ஐந்து பேரும் சிரித்தார்கள்.

கிளீட்டஸ், டெல்பினின் கூடப்பிறந்த தம்பி.

இன்னும் அதே மேடையில்தான் இருக்கிறான். அவன் பாஸ்போர்ட், கம்பெனியின் அலமாரியில். ஊரில் அவன் பெண்டாட்டிக்கு இது எட்டாம் மாதம்.

இல்லாத விரல்கள் ஐந்தும் குளிர்ந்தன.

"ஒங்க கையெழுத்து தெரிஞ்ச ஆளு அங்க யாரு?" வக்கீலம்மா பேனாவைத் திறந்தார்.

"தெரியாது."

சொன்னது அவனுக்கே கேட்கவில்லை.

"இவுங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் டெல்பின். போன் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. "எங்க தம்பிகிட்ட கேட்டா ஆளச் சொல்லிருவான். அவனும் அங்கதானே."

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் படுத்திருப்பான். தூங்கட்டும்."

"நம்ம தூக்கம் போச்சே, அவன் எழும்பினா என்ன?"

வக்கீலம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள்.

மணி அடித்தது.

மாதாவே, எடுக்கக் கூடாது.

இரண்டாவது.

எடுக்கக் கூடாது.

மூன்றாவது மணி பாதியில் நின்றது.

"தம்பி, வக்கீல் ஆபீஸ்ல இருக்கோம். அத்தான் பேருல எவனோ கையெழுத்து..."

அவள் முடிக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு, மெதுவாக:

"எக்கா... அத்தான் சொல்லிட்டாரா?"