பதினான்கு தடவை

உதவி ஆசிரியை நோட்டைத் திறந்ததும் குழந்தையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களைத்தான் மிஸ் நம்பியிருந்தேன். நீங்களே எழுதிட்டு வந்து நிக்கறீங்க."

உதவி ஆசிரியை நின்றுகொண்டேதான் இருந்தாள். தலைமையாசிரியையின் அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் கணக்கு வாத்தியார் தன் பையை வைத்திருந்தார்.

வாத்தியாரின் இடது கையில் கட்டு. அந்த அம்மாவின் ஒன்பது வயதுப் பெண் கடித்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, சத்தம் தாங்காது. சத்தம் கேட்காமலிருக்கக் காதை மூடி மாட்டியிருந்த ஹெட்ஃபோனை, "பாடம் நடக்கறப்ப என்னடி பாட்டு?" என்று அவர் பிடுங்கினார். அவள் கடித்தாள். அது நடந்து ஐந்து வாரம். காயம் ஆறிவிட்டது, கட்டுதான் ஆறவில்லை.

அன்றைக்கே அவளை வகுப்பை விட்டுத் துரத்த வேண்டும் என்று குதித்தார். ஒரு மாதம் பார்த்து எழுதிவிட்டு முடிவு செய்யலாம் என்றாள் தலைமையாசிரியை. மாதம் நேற்று முடிந்தது.

"அந்த மாசத்துல ரெண்டாவது வாரம் முழுக்க அவ காய்ச்சல்ல வீட்ல கிடந்தா" என்றாள் அம்மா. "மிச்ச நாள்ல அப்படி என்னத்தப் பண்ணிட்டா?"

"அதான் நோட்டு பேசப் போகுதே" என்றார் வாத்தியார். "ஆயம்மா, படி."

சிறப்புக் குழந்தைகளுக்கென்று இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவள் உதவி ஆசிரியை. சேர்ந்த நாள் முதல் அவருக்கு ஆயம்மாதான். வகுப்பு மூலையில் திரை கட்டி, பாய் போட்டு, மனசு கலங்கினால் போய் உட்கார ஓர் இடம் செய்தாள். அவர் அங்கே பழைய வரைபடங்களை அடுக்கினார். பேச வராதபோது காட்டுவதற்கு அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு அட்டை கொடுத்தாள். அதை நாலாகக் கிழித்து, குப்பையில் போடும் வேலையை உதவி ஆசிரியையிடமே விட்டார்.

"இருங்க" என்று வாத்தியார் ஒரு தாளை மேசையில் வைத்தார். "முதல்ல இது. நேத்தே தட்டச்சு பண்ணிட்டேன்."

தலைமையாசிரியை உரக்கப் படித்தாள். "ஒரு மாதத்தில் பத்து தடவைக்கு மேல் தன்னிலை இழந்து நடந்துகொள்ளும் எவரும் இந்த வகுப்பறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பேரைக் காணோமே சார்?"

"வேணாம் மேடம். பொதுவாவே இருக்கட்டும். நாளைக்கு இதே மாதிரி இன்னொண்ணு வந்து சேரும். இந்தத் தாளே போதும்."

தலைமையாசிரியை தலையாட்டினாள். "படிங்க மிஸ்."

அந்த நோட்டில் உள்ளே பெயர் எழுதும் வழக்கம் இல்லை. தேதி, முன்னால் நடந்தது, செய்தது, அடங்க ஆன நேரம். அவ்வளவுதான்.

"ஒண்ணாம் தேதி. நாற்காலி இழுபட்ட சத்தம். கத்தல், மேசையில் ஓங்கி அடித்தல். நாலு நிமிஷம்."

வாத்தியார் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

"மூணாம் தேதி. கணக்கு தப்பாப் போச்சு. நோட்டைக் கிழித்து எறிதல். ஏழு நிமிஷம்."

"எழுதிக்குங்க மேடம்" என்று இன்னொரு கோடு போட்டார். "நான் சொன்னப்ப யாரும் நம்பல."

"பத்தாம் தேதி. பின்வரிசையில் யாரோ சிரிச்சாங்க. கையில் இருந்ததை வீசுதல். பதினோரு நிமிஷம்."

அம்மா வெடுக்கென்று நிமிர்ந்தாள். உதவி ஆசிரியை நோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஒரு தடவை பார்த்தாள். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. தாளின் ஓரத்தில் கோடுகள் வரிசை கட்டி நின்றன.

"மொத்தம் பதினாலு" என்றாள் உதவி ஆசிரியை.

தலைமையாசிரியைக்கு முகம் வாடிவிட்டது. "அடக்கறதுக்கு நீங்க ஒண்ணும் செய்யலையா?"

"தண்ணி குடுத்துப் பார்த்தேன் மேடம். வராண்டால ஒரு நடை நடந்துட்டு வரலாமேன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கற பிறவி இல்ல."

வாத்தியார் சிரித்தார். இந்த ஒரு வருடத்தில் அவள் பேச்சுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பரவால்ல ஆயம்மா. நியாயமாத்தான் எழுதியிருக்க." தாளில் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் குறித்தார்.

தலைமையாசிரியை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"எங்க போடணும்னு காட்டுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றாள் அம்மா. குரல் அமைதியாக இருந்தது. "முப்பது பிள்ளைங்க இருக்கற இடம். இப்படி ஒருத்தர் அங்க இருக்கவே கூடாது."

"தாயே ஒத்துக்கிட்டாங்க" என்றார் வாத்தியார். "இன்னிக்கே அமலுக்கு வரணும் மேடம். மத்தியானம் அந்த வகுப்புல கால் வைக்கக் கூடாது."

"மத்தியானம் வரைக்கும் வேணாம் சார். இப்பவே அமலுக்கு வரட்டும்" என்றாள் அம்மா.

தலைமையாசிரியை கையெழுத்திட்டு முத்திரை குத்தினாள். கோப்பில் ஏற்றப் பெயர் வேண்டுமே என்று கையை நீட்டினாள்.

உதவி ஆசிரியை நோட்டை மூடி, அட்டை மேலே தெரியும்படி மேசையில் வைத்தாள். வாத்தியாரின் பையை நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணோட நோட்டு வேற. இது சாரோட நோட்டு, மேடம்."