ஃப்ரிட்ஜை மட்டும் நிறுத்தாதே

“ஃப்ரிட்ஜ் மேல மட்டும் கை வெக்காதம்மா! ஃபேன நிறுத்து, லைட்ட நிறுத்து, வேணும்னா என் போனையும் அணைச்சிப் போடு.”

அப்பா ஆதிராஜ் போட்ட சத்தத்தில், சுவிட்சுப் பக்கம் போன கையை நிஷா சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

புயல் மழையில் ஆரணிக்குக் கரண்ட் போனது போனதுதான். குழித்தறிகளில் தண்ணீர் ஊறி, பட்டு நெய்கிற அந்தத் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. யார் வீட்டு இன்வெர்ட்டரும் தாக்குப்பிடிக்கவில்லை. மிச்சமிருந்த மின்சாரம் என்றால், ஆதிராஜ் வீட்டு வாசலில் நின்ற கேரவனில்தான்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு அது. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பெண்டாட்டியும் தானுமாக ஊர் சுற்றப் போவதாகச் சொல்லி வாங்கினார். சுற்றியது ஒரே ஒரு முறை. போன மாதம் பொன்னூர் மலைக்குப் போய்த் திரும்பிய அன்றே ரத்னாவதி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அப்பா படுப்பதும் எழுவதும் கேரவனுக்குள்தான். அவரைச் சென்னைக்கு அழைத்துப் போக வந்த நிஷா, மழையில் மாட்டிக்கொண்டாள்.

“பேட்டரி பதினஞ்சு பர்சென்ட்தான் காட்டுதுப்பா. வெயில் இல்லாம மேல சோலார் சும்மா கெடக்குது. கார்லருந்து சார்ஜ் ஏத்தலாம்னா அதுலயும் தண்ணி பூந்துடுச்சி. அப்படி என்னதான் உள்ள வெச்சிருக்கீங்க?”

“இன்சுலின்மா. சூடு பட்டா வீணாப்பூடும்.”

“சில்லுன்னு இருக்குதான்னு பாத்துடறேன்.”

“தெறக்காத! ஒரு தபா தெறந்தா உள்ள இருக்கற குளிர் அத்தனையும் ஓடிடும். மறுபடி குளிர் ஏத்த பேட்டரிக்கு எங்க போறது?”

சொல்லிவிட்டுக் கட்டிலடியில் இருந்த மண்பானையின் துணியை நனைத்துச் சுற்றினார். குடிதண்ணீராவது குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று செய்கிறார் போல, நிஷாவுக்குப் பாவமாக இருந்தது. ஊசி போட்டுக்கொள்ளும்போதுகூட அவளை வெளியே அனுப்பிவிடுகிறார். அப்பாவுக்கு இந்த வயதில் என்ன கூச்சமோ!

அம்மா இருந்தவரை வீட்டுக்குள் ஃப்ரிட்ஜே நுழைந்ததில்லை. காலையில் பொங்கியது பொழுது சாய்வதற்குள் தீர்ந்தாக வேண்டும், மிஞ்சினால் மாட்டுக்கு. இருட்டிய பின் யாரும் ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. சமண வீடுகளில் பழகிய வழக்கம்தான் என்றாலும், அம்மாவிடம் அது இரும்புச் சட்டம். கேரவனோடு ஒட்டிக்கொண்டு வந்த இந்த ஃப்ரிட்ஜைக்கூட, “உங்க மருந்த வேணா வெச்சிக்குங்க” என்று முகம் சுளித்தாளாம்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. எதிர்வீட்டு நெசவுக்காரி சூர்யகலா மழையில் நனைந்தபடி நின்றாள்.

“மாமா! எங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துகினே இருக்குது. நெபுலைசர் மிஷினுக்குக் கரண்ட் இல்ல. தெருத் தண்ணில ஆட்டோவும் வர மாட்டேங்குது. உங்க வண்டில கொஞ்ச நேரம் மாட்டிக்கட்டுமா?”

ஆதிராஜ் பேட்டரி மீட்டரைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

“அத ஓட்டினா பேட்டரி படுத்துடும். அப்புறம் இதுவும் நின்னுடும்” என்றார் மெதுவாக.

அந்தப் பக்கம் சூர்யகலாவின் அம்மா தனக்கோடி அத்தையின் மூச்சு. இந்தப் பக்கம் அப்பாவின் மருந்து. நிஷா யாருக்காகப் பேசுவது?

“அப்பா, உங்க இன்சுலின்...” என்று இழுத்தாள்.

அவர் எழுந்து போனார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்திருந்துவிட்டு, தானே சுவிட்சை அணைத்தார்.

“அம்மாவ அழைச்சிகினு வா. ஜல்தி!”

தனக்கோடியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார வைத்தார்கள். மிஷின் உறுமியது. புகை போல வந்த மருந்தை இழுக்க இழுக்க, அவள் மூச்சு மெல்லத் தணிந்தது. ஊற்றிய மருந்து தீர்ந்ததும் இன்னொரு முறை ஊற்றச் சொன்னார் ஆதிராஜ். அதுவும் முடிகிற நேரம், பேட்டரி விளக்கு சிவந்து அணைந்தது.

“நல்லா இருப்பீங்கண்ணே” என்று கைகூப்பிவிட்டுத் தனக்கோடி மகளோடு போனாள்.

ஃப்ரிட்ஜின் முனகல் இல்லாமல் கேரவன் வெறிச்சோடிக் கிடந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வதை நிஷா பார்த்தாள். அம்மாவைத் தூக்கிய அன்றுகூட அழாதவர்!

“மருந்துக்குப் போயி யாராச்சும் அழுவாங்களாப்பா? பஜார்ல ஐஸ் கெடைக்குதான்னு பாக்கறேன். தண்ணில நடந்தாவது போயிட்டு வந்துடறேன்.”

“வேணாம்மா. மருந்து பானைல இருக்குது. ஈர மணல்ல. ஆதியிலருந்து உங்கம்மா வெக்கற மாதிரிதான்.”

நிஷா திகைத்தாள். “அப்ப ஃப்ரிட்ஜில?”

ஆதிராஜ் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

“பொழுது சாயப்போவுது. அடுப்பப் பத்த வெச்சி ரெண்டு தட்டு எடு. இனி இது தாங்காது, இருட்டறதுக்குள்ள சாப்ட்டுடலாம்.”

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஃப்ரீசரில் பனி பூத்த ஒரே ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்ததும் நிஷாவுக்குத் தெரிந்துவிட்டது: ஒரு வேளைச் சாப்பாட்டையும் மறுநாளுக்கு மிச்சம் வைக்காத அம்மா, கடைசிக் காலையில் வைத்த வாழைக்காய்க் குழம்பு.