மூன்றாவது மரம்

"அம்மா குளிச்சிட்டு வர முந்திப் பழசைத் தூக்கிக் காருக்குள்ள போடுங்கோ. போர்வையால வடிவா மூடிவிடுங்கோ. ஒரு நுனியும் வெளியில தெரியக்கூடாது" என்றாள் யோகா, குளியலறைப் பக்கம் ஒரு காதை வைத்தபடி.

அவள் கணவன் சிறிதரனுக்கு மூச்சு வாங்கியது. "போன முறையே இதுதான் கடைசி எண்டனீர். இன்னும் எத்தினை தரம் இந்தக் களவு?"

களவுதான். அவுஸ்திரேலியாவில், கிரெய்கிபர்னில் இருந்த அந்த வீட்டின் ஹோலில், சாடியில் நின்று பட்டுப்போன ஒலிவ் மரத்தைப் பிடுங்க வேண்டும். அதே உயரத்தில் தேடிப்பிடித்து வாங்கி வந்த புதியதை அதே சாடியில் நட வேண்டும். யோகாவின் தாய் மீனாம்பாள் வெந்நீரில் குளிக்க எடுப்பது பதினைந்து நிமிடம். அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

மரம் முதலில் லதீஸ் வாங்கியது. படகில் வந்து, தற்காலிக விசாவில் பன்னிரண்டு வருடம் இழுபட்ட யோகாவின் தம்பி. ஊரிலிருந்து வந்த தாயை விமான நிலையத்தில் கண்ட மறுநாளே, "அம்மா, இது ஆயிரம் வருசம் நிக்குமாம்" என்று தூக்கி வந்து பின்முற்றத்தில் வைத்தான்.

அவன் நிற்கவில்லை. போன ஓகஸ்டில் மில்டூராவுக்குத் தோடம்பழம் பிடுங்கும் வேலைக்குப் போன வழியில் கார் புரண்டது. அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதே கிழமை மீனாம்பாள் இருதய ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"இப்ப சொல்ல வேண்டாம், மனிசி கொஞ்சம் தேறட்டும்" என்று ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தங்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள். நம் ஆட்களுக்கு இதில் அனுபவம் அதிகம். லதீஸ் மேற்கு அவுஸ்திரேலியாவில் சுரங்க வேலைக்குப் போய்விட்டான், அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்று யோகா சொல்லி வைத்தாள். ஒரு கிழமைக்கென்று சொன்ன பொய். பதினொரு மாதமாகியும் அதை இறக்கி வைக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியால் வந்த மீனாம்பாள் முதலில் செய்தது, மரத்தை வீட்டுக்குள் எடுப்பித்ததுதான். இரண்டே மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. மகனின் மரமும் போய்விட்டதென்று கண்டால் அந்த இருதயம் தாங்குமா? பயந்துபோய் யோகா இரண்டாவதை வாங்கினாள். இந்தக் குளிருக்கு அதுவும் போய்விட்டது.

நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் வைத்தால் அது சாகத்தான் செய்யும். வெயில் படுகிற இடமாகப் பார்த்து வெளியில் விடுங்கள். குளிர் பட்டால்தான் பூக்கும். மேல் மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காயாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்றார்.

மீனாம்பாளிடம் இதெல்லாம் எடுபட வேண்டுமே! "தம்பி தந்த மரம் குளிருக்க நிக்கிறதே?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். விடிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் தன் கையால் ஊற்றியாக வேண்டும். தடுத்தால் அவள் முகம் சுருங்கிவிடும், அதைப் பார்க்க யோகாவால் முடியாது. மரம் கண்முன்னே அழுகிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சிறிதரன் சாடி மண்ணைக் கிளறினான். "இஞ்ச பாரும், கறுப்புக் கறுப்பா என்னவோ கிடக்கு. பூச்சி முட்டையோ?"

"எள்ளப்பா அது. அம்மா சனிக்கிழமையில சனீஸ்வரனுக்குப் பொட்டலம் கட்டுறவ. கை தவறிச் சிந்தியிருக்கும். நீங்கள் கெதியா நடுங்கோ!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சிறிதரன் போர்வையில் சுற்றிய மரத்தை அணைத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினான். யோகா சிந்திய மண்ணைக் கையாலேயே கூட்டி அள்ளிச் சாடிக்குள் போட்டாள்.

மீனாம்பாள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். மரத்தைப் பார்த்தாள். ஒரு இலையைப் பிடித்துத் தடவினாள்.

"வடிவாத் தளிர்த்திருக்கு என்னம்மா?" என்று யோகாவே முந்திக்கொண்டாள். "தம்பியும் மெசேஜ் போட்டவன். மரம் எப்பிடி எண்டு கேட்டவன். தைப்பொங்கலுக்கு வரப் பாக்கிறானாம்."

சொன்ன கையோடு எதையோ தேடுவதுபோல் மறுபக்கம் திரும்பி நின்றாள்.

மீனாம்பாள் கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். "பிள்ளை, இந்த மரத்தை வெளியில கொண்டுபோய் வை" என்றாள்.

யோகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குளிருமெண்டு நீங்கள்தானே அம்மா விடமாட்டன் எண்டனீங்கள்?"

மீனாம்பாள் மண் அப்பியிருந்த மகளின் கையை எட்டிப் பிடித்து, தன் துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

"வாற மாசம் தம்பியின்ர ஆண்டுத் திவசத்துக்காவது என்னைக் கூட்டிக்கொண்டு போ."